எழுதும் ஊக்கமும் நூற்சந்தையும்: விக்கிரவாண்டி வட்டாரச் சான்றுகள் சில

நூல் செய்வோர்க்கு ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது, எக்காரணத்தால் குன்றுகிறது என்னும் வினா இலக்கிய வரலாற்றில் போதிய இடம் பெற்றிலது. ஒரு நூலின் காலத்தையும் யாப்பையும் பாடவேறுபாட்டையும் ஆராய்ந்த அளவிற்கு, அதனை எழுதத் தூண்டிய சூழலை நாம் ஆராய்ந்தோமில்லை. இன்று பதிப்புத் தொழில் பெருஞ்சந்தையாக விரிந்துள்ளது. 'எழுதி என்ன பயன்? வாங்குவோர் யார்?' என்று இளைஞர் தளர்ந்துரைப்பதை எங்கும் கேட்கிறோம். ஊக்கத்தைத் தருவதும் பறிப்பதும் சந்தையே என்னும் இக்கருத்து வரலாற்றொடு பொருந்துமா என்பதை, விக்கிரவாண்டியை நடுவாகக் கொண்ட நிலப்பரப்பின் சான்றுகளால் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது விக்கிரவாண்டி. கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் சாலை பிரிவதும் இங்கேதான். சென்னையில் அச்சாகும் நூற்கட்டுகள் தெற்கே செல்லும் வழியில் அமைந்த இவ்வூரின் அண்மையில், அச்சுப்பொறி தோன்றுதற்கு முன்னரே தமிழ்ப்பாட்டு வளர்ந்த இடம் ஒன்று உண்டு. அது பம்பையாற்றங்கரையிலுள்ள திருவாமாத்தூர்.

முடவரும் குருடருமாகிய இரட்டைப் புலவர் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய வரலாற்றைத் தமிழறிஞர் அறிவர். ஆற்றின் கிழக்கே இருந்த கோயிலை மேற்கே இருப்பதாக அவர்கள் பாடிவிட்டனர் என்றும், அவையோர் குற்றங்கூற, அன்றிரவே வெள்ளம் பெருகி ஆறு வழிமாறிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை பற்றிய ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. பாட்டைக் கேட்டவர் எதிரிலேயே இருந்தனர், கேட்ட அளவிலேயே குறை கூறினர் என அது காட்டும் செய்தியே நமக்கு வேண்டுவது. அரங்கேற்ற மரபில் புலவனுக்குப் பரிசில் நிச்சயமன்று. ஆயினும் கேட்போர் இருந்தனர்.

இதே திருவாமாத்தூரில் கௌமார மடம் நிறுவி வாழ்ந்தவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898). திருநெல்வேலியில் பிறந்த இவர் பாடியவை ஓர் இலக்கத்தைக் கடந்தன என்பர். அறுவகை இலக்கணமும் வண்ணத்தியல்பும் புலவர் புராணமும் இவருடைய நூல்களுட் சில. புரவலர் அருகி, அச்சுத்தொழில் பரவிவந்த காலத்தில், புலவர்தம் வரலாறுகளைச் செய்யுளில் தொகுத்துவைத்தார் என்பது கருதத்தக்கது. ஆயின், தாம் பாடியவற்றுள் பெரும்பகுதியை இவர் தாமே அழித்துவிட்டார் என்றும், முருகன் தமக்குக் காட்சியளிக்கவில்லை என்னும் ஏக்கமே அதற்குக் காரணம் என்றும் இவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். விற்பனைக் குறைவோ, பதிப்பாளர் மறுப்போ இங்குக் காரணமன்று. தாம் யாரை முன்னிட்டுப் பாடினாரோ அவர் செவிசாய்க்கவில்லை எனக் கருதியபோது பாட்டே அவருக்குப் பொருளற்றதாயிற்று. எஞ்சியவற்றுட் பலவற்றைக் கோவைக் கௌமார மடாலயத்தார் பிற்காலத்தில் அச்சேற்றியதனால்தான் அவை நம் கைக்கு எட்டின. எனவே, அச்சு வேண்டா என்பதும் இதனாற் பெறப்படும் முடிவன்று.

சுவாமிகள் வாழ்ந்த காலத்திலேயே வேறொரு வழியும் தோன்றிவிட்டது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர்களிடம் முன்னரே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். நூல் அச்சாகி முடியுமுன்பே, அதனை வாங்க இசைந்தோர் பலருடைய பெயர்கள் பதிப்பாசிரியர்க்குத் தெரிந்திருந்தன. அவைக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட முறை இது எனலாம்.

இனி, விக்கிரவாண்டிக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவிலுள்ள புதுச்சேரியை நோக்குவோம். பாரதியார் அங்கு வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. அவர் நடத்திய 'இந்தியா' இதழ் 1910-இல் நின்றது. பிரித்தானிய ஆட்சிப் பகுதியில் இதழுக்கு ஏற்பட்ட தடையால், தமிழ் வாசகர் பெரும்பாலோர் அவர்க்கு எட்டாதவராயினர். சந்தையே ஊக்கத்தின் ஊற்றாயின் அவர் பாட்டு அப்போதே வற்றியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. அவருடைய சிறந்த படைப்புகள் பல அவ்வூரில் தோன்றியனவே. வ. வே. சு. ஐயர், அரவிந்தர், பின்னாளில் பாரதிதாசன் எனப் புகழ்பெற்ற இளைஞர் முதலியோர் அவரைச் சூழ்ந்திருந்தனர். வாசகரை இழந்தவர்க்குக் கேட்போர் இருந்தனர்.

அதற்காகப் பாரதியார் சந்தையை வெறுத்தாரல்லர். 1920-இல் கடையத்திலிருந்து, தம் நூல்களை 40 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் கடனுதவி வேண்டினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் செல்லும் என்பது அவர் நம்பிக்கை. போதிய உதவி கிட்டவில்லை. 1921-இல் அவர் மறைந்தார். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் அச்சு வடிவம் கண்டது 1924-இல்தான். சந்தை அவர் ஊக்கத்தைப் பறிக்கவில்லை. அதன் பயனை அவர் கண்ணாற் காணவொட்டாமற் செய்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும்.

அண்மைக் காலச் சான்று ஒன்றும் கூறுவோம். விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய த. பழமலயின் 'சனங்களின் கதை' 1988-இல் வெளிவந்தது. தம் உற்றாரையும் ஊராரையும் அவர்தம் பேச்சுமொழியிலேயே பாடிய நூல் அது. நகரத்து வாசகர் விருப்பத்தை அளந்து எழுதப்பட்டதன்று. ஆயினும் வட்டார மக்களின் வாழ்வைக் கவிதையாக்கப் பிறரை அது தூண்டிற்று.

இச்சான்றுகளால் பெறப்படுவது யாது? எழுதும் ஊக்கம் கேட்போரிடத்துப் பிறக்கிறது. அவர் இல்லை என்னும் எண்ணத்தால் அழிகிறது. கேட்போரிடம் நூலைக் கொண்டு சேர்க்கும் வழியே சந்தை. அவ்வழி அடைபடுதல் துன்பமே. ஆயின், வழியையே கேட்போராகக் கருதிவிடுதல் அதனினும் கேடு பயப்பது.

இக்கேடு இன்று நம்மை நெருங்கியுள்ளது. ஒருகாலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள் அச்சிட்டு, பொது நூலகங்களின் கொள்முதலை நம்பிப் பதிப்பாளர் தொழில் நடத்தினர். இன்று வேண்டும் அளவிற்குச் சில படிகளே அச்சிடும் வசதி வந்துவிட்டது. ஆசிரியரே செலவு செய்து அச்சிடுதலும் பெருகியுள்ளது. கல்லூரிகளிலோ, பதவி உயர்வுக்குரிய மதிப்பெண் கருதித் தரநூல் எண்ணுடன் நூல்கள் வெளிவருகின்றன. அவற்றுட் சில, எழுதியவரும் அச்சுக்கோத்தவரும் அன்றி வேறெவரும் படியாதவை. விற்பனை இல்லாமையினும் இந்நிலையே அஞ்சத்தக்கது. படிப்போரை நினையாது எழுதப்படும் ஆய்வுரை, எழுதியவனுக்கே அயலாகிவிடுகிறது. அடுத்ததை எழுதும் விருப்பத்தையும் மெல்லக் கெடுக்கிறது.

ஆதலின், முதுகலை மாணவரும் ஆய்வாளரும் தம் கட்டுரைகளை அச்சுக்கு அனுப்புமுன் துறையிலுள்ளோர் முன் படித்துக்காட்டும் வழக்கத்தை மீண்டும் மேற்கொள்ளுதல் நன்று. பத்துப்பேர் கூடிய அவையே போதும். குறை கூறுவோர் அதில் இருத்தல் இன்றியமையாதது. திருவாமாத்தூர் அவையோர் கூறிய குறை இன்றளவும் அக்கலம்பகத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அத்தகைய கேள்வியை நம் மாணவர்க்கு வழங்குதல் தமிழ்த்துறைகளின் கடமை என்பது எம் துணிபு.