ஏலமலைப் பள்ளிகளில் கணினி மாறிய வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய ஊர்களைக் கடந்து நெடுங்கண்டத்தை நோக்கிச் செல்லுகிறவர்கள், மாநில எல்லையைத் தாண்டிவிட்டதைச் சோதனைச் சாவடியால் அறிவார்களேயன்றிக் காதில் விழும் பேச்சால் அறிய மாட்டார்கள். ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாக மலையேறிய தமிழர்களும், மேற்கேயிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய மலையாளிகளும் கலந்து வாழும் உடும்பஞ்சோலைத் தாலுகா, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, 1956இல் கேரள மாநிலத்தோடு சேர்ந்து, 1972 ஜனவரி 26ஆம் தேதி இடுக்கி ஜில்லா உருவானபோது கோட்டயத்தை விட்டு அதனுள் அடங்கிய பிரதேசம். தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் இந்த ஜில்லாவில் இன்றும் உண்டு. அங்கே பாடத்திட்டம் திருவனந்தபுரத்தினுடையது, பாஷை நம்முடையது. அத்தகைய பள்ளி ஒன்றின் மேஜைமேல் கணினி வந்து அமரும்போது அது எந்தக் கம்பெனியின் சொல்லுக்கு அடங்கி, எந்தப் பாஷையில் குழந்தையோடு பேசும் என்பது, தலைநகரில் தீர்மானமாகி மலைமேல் அநுபவிக்கப்படுகிற விஷயங்களுள் ஒன்றாக இருந்தது.

விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையில் அமைந்த குழுவின் யோசனையை ஒட்டி, 2001ஆம் வருஷத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைக் கேரள அரசாங்கம் தொடங்கிற்று. ஆரம்பத்தில் வந்த பாடங்கள் கணினியைக் கற்பித்தன என்பதைக் காட்டிலும், மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் விண்டோஸையும் அதன் எழுத்து, கணக்குச் செயலிகளையும் கற்பித்தன என்று சொல்வதே பொருந்தும். ஸர்க்கார் பணத்தில், ஸர்க்கார் உபாத்தியாயரைக் கொண்டு, ஒரு தனியார் சரக்குக்கு வருங்கால வாடிக்கைக்காரர்களைத் தயார் செய்து கொடுப்பதா என்ற ஆட்சேபம் உபாத்தியாயர் சங்கங்களிலிருந்தே எழுந்தது. அதே 2001 ஜூலை 20ஆம் தேதி, 1983இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, அந்த இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் எவருக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். வாசகசாலைகளும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் ஊர்தோறும் வேரூன்றியிருந்த கேரளத்தில் அந்தச் சித்தாந்தம் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

2006இல் வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராகவும் எம்.ஏ. பேபி கல்வி அமைச்சராகவும் பதவியேற்ற பின், பள்ளிகள் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாறும் என்பது அரசாங்கத்தின் பகிரங்கக் கொள்கை ஆயிற்று. கொள்கை அறிவிப்பதில் எந்த ராஜ்யமும் சோடை போனதில்லை. ஆனால் இது கடைசி மலைப்பள்ளி வரையில் போய்ச் சேர்ந்ததற்கு என் அபிப்பிராயத்தில் இரண்டு காரணங்கள் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாக இருந்தபடியாலும், அதன் செய்முறைத் தேர்வே கட்டற்ற தளத்தில்தான் என்று ஆகிவிட்டபடியாலும், மாறலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியர் தாடியைத் தடவிக்கொண்டிருக்க இடமில்லாமற் போயிற்று. நம் தேசத்தில் பரீட்சைக்கு வருவது எதுவோ அதுவே கல்வி. மற்றொரு காரணம், வெளியிலிருந்து கம்பெனி ஆட்களை வரவழைக்காமல், கணக்கும் சயன்ஸும் மலையாளமும் நடத்தும் உபாத்தியாயர்களுள் ஆர்வமுள்ளவர்களையே தேர்ந்தெடுத்து, அவர்களை மாஸ்டர் டிரெய்னர்களாக்கி ஜில்லாதோறும் நியமித்தது. தனி மனிதர் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் தளத்தை மாற்றிக்கொள்ள முனையும்போது, அச்சுப்பொறி அசையவில்லை, எழுத்துரு உடைகிறது, டி.டி.பி. கடைக்காரர் நம் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறார் என்ற அற்ப சங்கடங்களே அவரைப் பழைய தளத்துக்குத் துரத்துகின்றன. அந்த வேளையில் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர் நிலைத்துவிடுவார், இல்லையேல் எவ்வளவு உயர்ந்த கொள்கையும் ஒரு வாரம் தாங்காது. அந்த ஒருவரை ஸம்பளம் கொடுத்து ஏற்படுத்தியதே கேரளத்தின் சாமர்த்தியம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அதே காலத்தில் முயற்சி நடந்தது. மாநில அரசாங்கத்தின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2007 வாக்கில் தம் காரியாலயத்தையே முதலில் ஸூஸே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். சென்னையில் ஸி-டாக் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டதும் அந்த ஆண்டே. ஆயினும் இங்கே அது ஒரு திறமையான அதிகாரியின் முயற்சியாக நின்றதேயன்றிப் பாடபுஸ்தகத்துக்குள்ளும் பரீட்சைக்குள்ளும் அந்த அளவுக்குப் புகவில்லை. 2011இல் இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸும் கூடவே வந்தது.

உடும்பஞ்சோலைத் தமிழ்க் குழந்தைக்கு இந்த மாற்றத்தால் விளைந்த நன்மையை நான் பணத்தால் அளக்க மாட்டேன். தொகையில் குறைந்த ஜனங்களின் பாஷைக்காக ஒரு வியாபார ஸ்தாபனம் தன் சரக்கைத் திருத்தித் தரவேண்டுமானால், வாங்குவோர் எத்தனை பேர் என்ற கேள்வி முன்னே வந்து நிற்கும். கேரளத்தில் தமிழ்வழி மாணவர் தொகையும் கன்னடவழி மாணவர் தொகையும் அந்தக் கேள்விக்கு ஈடு கொடுக்கக் கூடியவை அல்ல. கட்டற்ற மென்பொருளிலோ, பல நாடுகளில் வாழும் தமிழ் ஆர்வலர்கள் கே.டி.இ., க்னோம் முதலிய முகப்புகளை 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்தே தம் சொந்த உற்சாகத்தால் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். லோஹித் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைத்தன. யாரையும் கேட்காமல் இவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ள உரிமமே இடம் கொடுத்தது. ஐ.ஸி.டி. பாடபுஸ்தகம் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு பாஷைகளிலும் வெளியாகி, ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரையவும் ஜிம்பில் படம் திருத்தவும் தமிழிலேயே வழி சொல்லுகிறது.

2019இல், அதற்குள் ‘கைட்’ என்று பெயர் மாறியிருந்த ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ ஸ்தாபனம், உபுண்டுவை ஆதாரமாகக் கொண்ட புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டு, இரண்டு லட்சம் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் கொடுக்க வேண்டியிராமையால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தது. கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் என்று போட்ட கணக்கு அது. ஒவ்வொரு பள்ளிக் கணினியிலும் அத்தனை விலையுயர்ந்த செயலிகளையும் எந்த அரசாங்கமும் முழு விலைக்கு வாங்கியிருக்காது. மொத்தமாக வாங்குகிறவனுக்கும், அதிலும் கல்விக்காக வாங்குகிறவனுக்கும், கம்பெனிகள் கணிசமாகத் தள்ளிக் கொடுக்கும். ஆகவே அந்தத் தொகையை ஓர் உற்சாகப் பெருக்கமாகவே நான் கொள்கிறேன். சாதாரணக் குடும்பத்தில் இந்த மிச்சக் கணக்கு செல்லவும் செல்லாது; அங்கே விண்டோஸின் கள்ளப் பிரதி வெகு காலமாக இலவசமாகவே இருந்து வந்தது. பள்ளியில் லினக்ஸ் படித்த பையன் வீட்டில் அதைத் தேடாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பள்ளியில் மாறுதல் நடந்த அதே காலத்தில் ஏலக்காய் வியாபாரமும் கணினிக்கு மாறிற்று. வண்டன்மேட்டிலும் போடியிலும் வியாபாரிகள் வாயால் விலை கேட்டுவந்த ஏலமுறையை ஸ்பைஸஸ் போர்டு 2007இல் மின்னணு ஏலமாக்கியது. விலையை மறைத்துப் பேசுவதில் தமிழர்களுக்குப் பழைய பயிற்சி உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத் தரகர் பேசும் விலையைப் பக்கத்தில் நிற்பவனும் அறிய மாட்டான், பேச்சு முடிந்து துண்டை எடுத்தால் எந்தச் சுவடும் மிஞ்சாது. திரையில் நடக்கும் பேரத்திலோ ஒவ்வொரு கேள்வியும் எங்கேயோ பதிவாகிறது. 2015 ஜனவரியில் தேசிய கண்ணாடி இழை வலைப்பின்னலில் முழுவதும் இணைந்த முதல் இந்திய ஜில்லா என்று இடுக்கி பெயர் பெற்றது. அடுத்த சில வருஷங்களில் மலிவு விலைப் போன் எஸ்டேட் லயங்களுக்குள்ளும் நுழைந்தது.

இங்கேதான் பள்ளிக்கூடத்துச் சுதந்திரத்தின் எல்லை தெரிகிறது. அந்தப் போனில் ஓடும் ஆண்ட்ராய்டின் கரு, பள்ளிக் கணினியில் உள்ள அதே லினக்ஸ்தான். மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அதன்மேல் ஏற்றிய செயலிகள் நம் போக்குவரத்தையும் பேச்சையும் கணக்கெடுக்காமல் விட்டுவிடா. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டஸ்வாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். மூன்றாண்டுக்குள் அதே கேரளத்தில், கொரோனாக் காலத்தில் திரட்டிய ஜனங்களின் விவரங்களை ஸ்ப்ரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் ஒப்படைத்தது பற்றிப் பெரிய விவாதம் எழுந்து, பெயர் அடையாளம் நீக்கியே விவரங்களைத் தரவேண்டும், சம்மதம் பெற்றே திரட்ட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது. அந்த ஜூன் மாதம் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வந்தன. வீட்டுப்பாடம் வாட்ஸாப்பில் போயிற்று. அடுத்த ஆண்டு கைட் ஸ்தாபனமே கூகுளின் ஜி-ஸூட்டில் வகுப்புகளுக்கு இடம் அமைத்தது. மாணவர்களின் சொந்த விவரங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற உறுதிமொழி இருந்தது உண்மையே. ஏறக்குறையப் பதினைந்து வருஷம் மூலநிரலின் மகிமையைக் கற்பித்த உபாத்தியாயர்கள், வேறு வழியில்லாமல், மூலநிரலைப் பார்க்க முடியாத ஒரு மண்டபத்தில் வகுப்பு நடத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை; அப்படி ஒரு மண்டபத்தைப் பொதுவில் கட்டி வைக்காத அரசாங்கங்களைத்தான் சொல்கிறேன்.

2023இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் விவரத்தைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும், அந்தச் சம்மதத்தைக் கேட்கும் வாசகம் ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்தப் பாஷையிலோ படிக்கக் கிடைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சாந்தன்பாறையில் ஏலக்காய் பறிக்கப் போகும் ஒரு தாய், தன் மகளின் பெயரையும் படத்தையும் கேட்கும் கம்பெனியைத் தமிழில் கேள் என்று சொல்லச் சட்டப்படி உரிமை பெறுகிறாள். பள்ளிக் கணினியின் தமிழ் சரியில்லை என்றால் அவள் மகளின் உபாத்தியாயரே அதைத் திருத்தியிருக்கலாம். கம்பெனி எழுதும் இந்தத் தமிழ் புரியாவிட்டால், மறுபடி எழுதச் சொல்லிக் கம்பெனியிடமேதான் கேட்க வேண்டும்.