புவிமையக் கொள்கை, கிரேக்கம்

புவி அண்டத்தின் நடுவில் அசையாது நிற்க, ஞாயிறு, திங்கள், கோள்கள், விண்மீன்கள் யாவும் அதைச் சுற்றிவருகின்றன எனக் கொண்ட பண்டைய வானியல் கொள்கை. ஒருமையக் கோள அமைப்பு, துணைவட்ட அமைப்பு என இருவகைப்படும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் யூடாக்சஸ் ஒரே மையமுடைய 27 கோளங்களின் சுழற்சியால் வான்பொருள்களின் இயக்கத்தை விளக்கினார். அரிஸ்டாட்டில் அவற்றை மெய்யான பொருள்களாகவே கருதி, எண்ணிக்கையை 55 ஆக உயர்த்தினார். இவ்வமைப்பில் கோள்களின் தொலைவு மாறுவதில்லை. எனவே அவற்றின் ஒளி கூடிக் குறைவதற்கு விளக்கம் கிடைக்கவில்லை.

துணைவட்ட அமைப்பு இக்குறையை நீக்கியது. கோள் ஒரு சிறுவட்டத்தில் சுழலும். அச்சிறுவட்டத்தின் மையம் புவியைச் சூழ்ந்த பெருவட்டத்தில் நகரும். இரு சுழற்சிகளும் இணைகையில் கோள் பின்னோக்கிச் செல்வதுபோன்ற வக்கிரகதி தோன்றும். அலெக்சாந்திரியாவின் தாலமி கி.பி. 150 அளவில் ‘அல்மாஜெஸ்ட்’ நூலில் இதை முழுமையாக்கினார். கணக்கு பொருந்துவதற்காக அவர் புவியைப் பெருவட்ட மையத்திலிருந்து சற்று விலக்கியே வைத்தார். சீரான வேகத்தை மற்றொரு புள்ளியிலிருந்து அளந்தார்.

சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் கூறிய ஞாயிற்றுமையக் கருத்து அக்காலத்தில் பெரிதும் ஏற்கப்படவில்லை. 1543இல் கோப்பர்நிக்கஸ் அக்கருத்தை மீண்டும் முன்வைத்தார். 1610இல் கலிலியோ கண்ட வெள்ளியின் பிறைநிலைகள் தாலமியின் அமைப்பைப் பொய்ப்பித்தன.