பொறிக்குள் பொறி: ஒரு சிறு மதகின் வரலாறு

இறக்காமக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்வோர் மதகைத் தத்தம் விருப்பப்படி திறப்பதில்லை. போகம் தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. நீர் விடும் நாள் குறிக்கப்படுகிறது. வட்டை விதானையார் அச்செய்தியை உழவரிடம் சேர்ப்பிக்கின்றார். நீர் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பற்றிய செய்தியும் உரியவரிடம் ஒழுங்காய்ச் சென்றடைதல் வேண்டும். கணினி உலகிலும் இத்தகைய தேவை ஒன்று எழுந்தது.

ஒரே கணினியைப் பல கணினிகளாய்த் தோன்றச் செய்யும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பீ.எம். ஆய்வு நிலையத்தார் 1960களிலேயே அதனைச் செய்து காட்டினர். 1972இல் அந்நிறுவனம் வீ.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது. இவ்வாற்றலை, பிரெஞ்சு நாட்டவரான பேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஈமு என்னும் மென்பொருள் எளிய கணினி உடையோர்க்கும் வழங்கியது.

இவ்வாறு பிறக்கும் மெய்நிகர் பொறிக்கு, நினைவகம் எவ்வளவு, செயலிகள் எத்தனை, எதிலிருந்து தொடங்குவது என்பவற்றைத் தாய்ப்பொறியே சொல்லியாக வேண்டும். அதற்கெனக் கியூஈமுவில் ஒரு சிறு வாயில் அமைந்தது. தெரிவுப் பதிவகத்தில் வேண்டிய பொருளின் எண்ணை எழுதினால், தரவுப் பதிவகத்தின் வழியே அதன் உள்ளடக்கம் ஒவ்வொரு பைட்டாக வெளிவரும். ஆயினும், பொறி விழித்தெழுகையில் முதலில் இயங்கும் நிலைபொருளுக்கே அவ்வாயில் பெரிதும் பயன்பட்டது. பின்னர் ஆட்சிக்கு வரும் லினக்ஸின் பயனர்க்கு அதனைப் படிக்க எளிய வழி இருக்கவில்லை.

இக்குறையை நீக்க முற்பட்டவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் சோம்லோ ஆவார். வாயிலின் உள்ளடக்கங்களைக் கோப்புகளாகக் காட்டும் இயக்கி ஒன்றை அவர் லினக்ஸின் கருப்பகுதிக்கென எழுதினார்.

பணி சிறிது, இடர் பெரிது. பதிவகம் ஒன்றே. ஒருவர் ஓர் எண்ணைத் தெரிந்து படித்துக்கொண்டிருக்கையில் மற்றொருவர் வேறெண்ணை எழுதிவிட்டால், முன்னவர்க்குப் பிறருடைய தரவே கிட்டும். ஒரே மதகை இருவர் ஒரே வேளையில் திருப்பினால் எவர் வயலுக்கும் நீர் முறையாய்ப் பாயாதன்றோ? ஆகவே, இயக்கிக்குள் ஒரு பூட்டும், நிலைபொருள் தந்த நிரல்கள் குறுக்கிடாதிருக்க மற்றொரு பொதுப் பூட்டும் இடப்பட்டன. செயலிக்குச் செயலி வாயிலின் இடமும் மாறும். அதற்கும் இயக்கி இசைய வேண்டியிருந்தது. வாயிலில் கியூஈமுவின் பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் முதலில் படிக்கப்படும். அவை காணப்படாவிடின் இயக்கி விலகிக்கொள்ளும். அதனைச் சோதிக்கும் வழியும் எளியதே: தாய்ப்பொறியிலிருந்து தெரிந்த சொற்றொடர் ஒன்றை அனுப்பி, மெய்நிகர் பொறிக்குள் அது மாறாது கிடைக்கின்றதா எனப் பார்த்தலாகும்.

பிற வல்லுநரின் ஆய்வுக்கும் திருத்தத்துக்கும் உட்பட்டு, 2016 மே மாதம் வெளிவந்த லினக்ஸ் 4.6இல் இவ்வியக்கி இடம்பெற்றது. படிப்பதற்கு மட்டுமே உதவிய அது, 2018இல் எழுதவும் கற்றது: மெய்நிகர் பொறி செயலிழந்து வீழ்ந்தால் அதன் நினைவகத்தை ஆராய்வதற்கு வேண்டிய குறிப்பை, முன்னதாகவே தாய்ப்பொறிக்குத் தெரிவித்து வைக்கலாயிற்று.

பெரிய அணையைக் கட்டியோரை உலகம் நினைவிற் கொள்ளும். கடைமடைக்கும் நீர் முறையாய்ச் செல்லச் சிறு மதகொன்றைச் செப்பனிட்டோர் பெயரையோ ஒரு சிலரே அறிவர். விளைச்சல் இவ்விரு திறத்தாருக்கும் உரியதாகும்.