தனியார் வெள்ளி நாணயங்களில் நிறமேற்றல்

நிறமேற்றல் என்பது வெள்ளி நாணயத்தின் மேற்பரப்பில் வேதிப்பொருள் அல்லது வெப்பத்தின் உதவியால் வேண்டுமென்றே வண்ணப் படலம் உண்டாக்குவதாகும். இதில் சாயமோ வண்ணப்பூச்சோ சேர்க்கப்படுவதில்லை. அமெரிக்கத் தனியார் நாணயச்சாலைகளின் வெள்ளி வட்டுகளில் இது அலங்காரமாகக் கொள்ளப்படுகிறது. பழைய அரசு நாணயங்களில் இதே செயல் மோசடியாகக் கருதப்படுகிறது.

நிறம் தோன்றும் விதம்

காற்று, காகிதம், துணி ஆகியவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியுடன் வினைபுரிவதால் வெள்ளி சல்பைடு உருவாகிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதனால்தான். படலம் தடித்தால் கருமை தோன்றும். அது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது, படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றுடன் ஒன்று கலந்து வண்ணம் காட்டுகின்றன. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதும் இப்படித்தான். படலம் வளர வளர மஞ்சள், செந்நீலம், நீலம் என நிறம் வரிசையாக மாறும்.

பழைய டாலர்களும் போலி நிறமும்

1878 முதல் 1904 வரையிலும் 1921-லும் அச்சான மார்கன் வெள்ளி டாலர்களில் பெரும்பகுதி, ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டுக் கருவூலங்களில் பல்லாண்டுகள் கிடந்தது. துணியை ஒட்டியிருந்த நாணயங்களில் வானவில் நிறங்கள் படிந்தன. 1960-களின் தொடக்கத்தில் இப்பைகள் பெருமளவில் வெளிவந்தன. பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் வண்ணம் படிந்த டாலர்களுக்குக் கூடுதல் விலை தர முன்வந்தனர்.

விலை கூடியதும் குறுக்குவழியும் வந்தது. பொட்டாசியம் சல்பைடு கலவையில் தோய்த்தோ, கந்தகம் கலந்த தாளில் சுற்றிச் சூடேற்றியோ சில மணி நேரத்திலேயே நிறம் வரவழைக்கலாம். 1986-லும் 1987-லும் தொடங்கப்பட்ட பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய தரமதிப்பீட்டு நிறுவனங்கள், செயற்கை நிறம் எனக் கருதும் நாணயங்களுக்கு வழக்கமான தர எண் வழங்குவதில்லை. நிறங்களின் வரிசை பிறழ்ந்திருத்தல், கீறலுக்குள்ளும் அதே நிறம் பாய்ந்திருத்தல் போன்றவை ஐயத்துக்குரிய அடையாளங்கள். எனினும் இருவகையிலும் உருவாவது பெரும்பாலும் அதே வெள்ளி சல்பைடுதான். ஆகவே தீர்ப்பு பெரிதும் கண்பார்வையையும் அனுபவத்தையும் சார்ந்தது. ஒரே நாணயம் இருமுறை அனுப்பப்பட்டு இருவேறு முடிவுகள் பெறுவதும் உண்டு.

தனியார் வட்டுகள்

அமெரிக்காவில் தனியார் நாணயம் அடிப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1830-களில் வட கரோலினாவில் பெக்ட்லர் குடும்பத்தினரும், 1849-க்குப் பின் கலிபோர்னியாவில் பலரும் தங்க நாணயங்கள் அடித்தனர். 1864-ஆம் ஆண்டுச் சட்டம், பணமாகப் புழங்கும் நோக்குடன் தனியார் நாணயம் அடிப்பதைத் தடை செய்தது. எனவே இன்றைய தனியார் வெளியீடுகளில் முகமதிப்பு இருப்பதில்லை. அவை ‘ரவுண்டு’ எனப்படுகின்றன. பெரும்பாலானவை ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் எடையும் 99.9 விழுக்காடு தூய்மையும் உடையவை.

வெள்ளியின் அளவு பெரும்பாலான ரவுண்டுகளில் ஒன்றே என்பதால், தோற்றமே ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. சில நாணயச்சாலைகள் வட்டைக் கறுக்கவைத்து, மேடான பகுதிகளை மட்டும் தேய்த்து ‘பழமைத் தோற்றம்’ தருகின்றன. வானவில் நிறமேற்றுவோரும் உளர். நேற்று அடித்த வட்டு நூறாண்டுப் பழமையைக் கோருவதில்லை. நிறம் ஏற்றப்பட்டது என்று சொல்லியே விற்கும்போது அங்கு ஏமாற்று இல்லை. சொல்லாமல், இயல்பாகப் படிந்தது எனக் கூறி மறுவிற்பனை செய்யும்போது அதுவும் போலியாகிவிடுகிறது.

வாங்குவோர் அறிய வேண்டியவை

நிறம் ரவுண்டின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்வதில்லை. உருக்கி விற்றால் வெள்ளியின் விலை மட்டுமே கிடைக்கும். நிறத்துக்குத் தந்த கூடுதல் தொகை திரும்பாது. பிடிக்கவில்லை என்று அமிலக் கரைசலில் கழுவினால், வெள்ளி சல்பைடாக மாறிய மேற்பரப்பும் உடன் போய்விடும். அடிக்கடி கழுவப்பட்ட நாணயம் தன் இயல்பான பளபளப்பை இழக்கும். அதை மீட்க வழியில்லை.