குடியிருப்பாளர் கூட்டியக்கங்கள், திம்புள்ள

தங்கள் தெரு, பாதை, வீடு, நீர் பற்றி அரசோ உள்ளூராட்சி மன்றமோ தோட்ட நிர்வாகமோ எடுக்கும் முடிவுகளை மாற்ற, அயலவர் ஒன்றுகூடிச் செய்யும் முயற்சிகளே இக்கட்டுரையில் குடியிருப்பாளர் கூட்டியக்கம் எனப்படுகின்றன. திம்புள்ள என்பது இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, பத்தனை, வட்டகொடை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலை வட்டாரம். கொத்மலை ஓயா இதன் ஊடாக ஓடுகிறது. இங்கு வாழும் மலையகத் தமிழரில் பெரும்பாலோருக்குத் தெரு என்பது லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்தான். அந்த வாசலும், அதற்கு ஏறிவரும் பாதையும், பாதையோரக் கானும், நீர்க்குழாயும் தோட்டத்துக்குச் சொந்தம். நியூயார்க்கில் 1960களில் ஜேன் ஜேக்கப்ஸும் அவருடைய அயலவரும் கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலைத் திட்டத்தை எதிர்த்து நின்றபோது, எவரிடம் போய்க் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் வாக்கும் இருந்தது. திம்புள்ளயில் இவ்விரண்டையும் முதலில் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே இங்கு இவ்வியக்கத்தின் வரலாறு நகரசபை மண்டபத்தில் தொடங்கவில்லை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தொடங்குகிறது.

தோற்றம்

திம்புள்ளயின் திட்டமிடல் முடிவுகளை முதன்முதலில் தம் பக்கம் திருப்பியவர்கள் தோட்டத்துரைமார். கோப்பிக் காலத்தில், 1854 இல், இலங்கைத் தோட்டக்காரர் சங்கம் கண்டியில் தோன்றியது. வண்டிப் பாதையும் ரயிலும் மலைக்கு வேண்டும் என்று அச்சங்கம் அரசிடம் ஓயாமல் வற்புறுத்தியது. 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று முடிக்க, அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது. 1874 இல் நாவலப்பிட்டியை எட்டியிருந்த ரயில் பாதை 1884 இல் ஹற்றனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே மலையைக் குடைந்து சென்ற வழியை மக்கள் சிங்கமலைச் சுரங்கம் என்கின்றனர். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை நிலையங்கள் எங்கே அமைந்தன என்று பார்த்தாலே, தேயிலைப் பெட்டிகளுக்காகவே இப்பாதை போடப்பட்டது என்பது விளங்கும். சில பத்துத் துரைமார் ஒன்றுசேர்ந்து எழுதிய கடிதங்களுக்கு அரசு ரயிலையே கொடுத்தது. அந்தப் பாதைக்கு மேலும் கீழும் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

லயம் எங்கே எழும்ப வேண்டும், பீலி எங்கே விழ வேண்டும், ஆட்கள் எந்தக் குறுக்கால் மலைக்கு ஏற வேண்டும் என்ற மூன்றையும் தீர்மானித்தவர் தோட்ட முகாமையாளரான பெரியதுரை. 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டினார்கள். முதுகோடு முதுகாக இரு வரிசை நின்றால் அது இரட்டை லயம். அதில் பின்சுவர் சன்னலுக்கு இடமே இல்லை. குறை சொல்ல இருந்த ஒரே வழி பெரிய கங்காணி. அவரோ ஆட்களைக் கொண்டுவந்து பற்றுக் கணக்கு வைத்திருந்தவர். ஆட்களுக்காகத் துரையிடம் வழக்காட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். இதனால்தான் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1931 இல் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு நடேசய்யர் அமைத்த அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம், லயத்தின் பிரச்சினைகளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த முதல் அமைப்பு. சம்பளமே அதன் முதற்பேச்சு என்றாலும், வீடும் தண்ணீரும் அதன் கூட்டங்களில் இடம்பெற்றன.

உள்ளூராட்சியின் கதவு சட்டத்தினாலேயே அடைக்கப்பட்டது. கிராமச் சபைகளுக்கான கட்டளைச் சட்டம் 1937 இல் திருத்தப்பட்டபோது, ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் முன்பு இருந்த தடை நீங்கியது. தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் தடை நீடித்தது. பிந்திய அத்தனைக்கும் வேர் இந்தத் திருத்தமே என்பது இக்கட்டுரையின் முடிபு. ஒரு கிராமத்தான் தன் பாலத்துக்காகச் சபை உறுப்பினரின் வீட்டுப் படியேறலாம். பாலத்துக்கு அக்கரையில் லயத்தில் இருந்தவருக்கு ஏறிப் போக ஒரு படியும் இருக்கவில்லை. இத்தகைய பாரபட்சங்களால் எழுந்த கொதிப்பிலேதான் 1939 ஜூலையில், ஜவாஹர்லால் நேருவின் வருகையின்போது, இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. மறு ஆண்டு அதன் தொழிற்சங்கம் அமைந்தது.

1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராமத்தாருக்காகச் சுவீகரித்து, அங்கிருந்த தொழிலாளரை வெளியேற்ற முனைந்தது. அதை எதிர்த்துக் காங்கிரஸ் வேலைநிறுத்தம் நடத்தியது. நிலத் திட்டமொன்றுக்கு எதிராகக் குடியிருப்போர் தோட்டம் தாண்டிக் கைகோத்தது அப்போதுதான். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி, வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த வாக்காளரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியோரின் குடியுரிமை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால்தான் தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பல குடும்பங்களின் கையிலிருந்த ஒரே ஆயுதம் மகஜர் என்ற கூட்டு விண்ணப்பம்.

வகைப்பாடு

திம்புள்ளயின் கூட்டியக்கங்களை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது தோட்டக் கமிட்டி. தொழிற்சங்கத்தின் கிளையான இதில் தலைவர், காரியதரிசி, மாதர் சங்கத் தலைவி ஆகியோர் இருப்பர். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்கள் இருந்தால் கமிட்டியும் அத்தனை. இரண்டாவது கோயில் கமிட்டி. மரண உதவிச் சங்கத்தையும் இதனோடு வைத்தே எண்ண வேண்டும். கட்சி பாராமல் லயம் முழுவதும் பணம் போட்டு நடத்துவதால், அயலவர் அமைப்பு என்ற பெயருக்கு மிகவும் பொருத்தமானது இதுவே. மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் எந்த வழியாகச் சுற்றும் என்று இக்கமிட்டி முடிவு செய்யும். தேர் வர வேண்டுமானால் பாதையில் கிடக்கும் குழியை மூட வேண்டும். சரிந்த கல்லணையைத் தூக்கி வைக்க வேண்டும். ‘ஆத்தா வர்ற பாதை’ என்று கேட்டால் எந்தத் துரையும் எளிதில் மறுப்பதில்லை. மூன்றாவது, 1990களில் தோட்டங்கள் தனியார் முகாமைக்கு மாறிய பின் பெருகிய தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள். நான்காவது தலவாக்கலை, ஹற்றன் போன்ற நகரங்களின் வர்த்தகர் சங்கங்கள். ஐந்தாவது சூழல் அமைப்புகளும் அரசுசாரா நிறுவனங்களும். கண்டியிலிருந்து இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

மகஜர் தயாராகும் விதம் எல்லா வகைக்கும் பொது. மாலை வேலை விட்டு, கொழுந்து நிறுத்து முடிந்ததும், படித்த பிள்ளை ஒருவர் கோடிட்ட தாளில் எழுதுவார். கீழே லய இலக்கம், பெயர், கையொப்பம். கையெழுத்துத் தெரியாத மூத்தவர்களுக்குப் பெருவிரல் மையொற்றி அடையாளம். மூலப்பிரதி துரைக்குப் போகும். பிரதிகள் சங்கக் காரியாலயம், பிரதேச செயலகம், நாடாளுமன்ற உறுப்பினர் என்று நீளும். பதில் வந்தால் அது தோட்ட அலுவலகத்துக்கு வரும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் அங்கிருந்து ஆள்வழியாகத்தான் கைக்கு வந்து சேரும். கூட்டத்துக்கு அழைத்த கடிதம் கூட்டம் முடிந்தபின் கிடைப்பதை மலையகத்தில் அறியாத வீடு குறைவு.

டெவன், 1977

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கிராமத்தாருக்கு வழங்கும் திட்டங்கள் தொடர்ந்தன. 1977 இல் நுவரெலியா மாவட்டத்தில் சுமார் 7,000 ஏக்கரை இவ்வாறு எடுக்க அரசு முனைந்தபோது, தொழிலாளர் மலையை விட்டிறங்கி மறித்து நின்றனர். மே 11 இல் டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். வேலைநிறுத்தம் பரவியது, திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து, இலங்கை இந்தியக் காங்கிரஸின் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் எஸ். தொண்டமான் தெரிவானார். 1947க்குப் பின் மலையகத் தமிழர் வாக்கால் நாடாளுமன்றம் சென்ற முதல்வர் அவரே. திம்புள்ளயின் லயங்கள் இன்று நிற்கும் இடத்திலேயே நிற்பதற்கு டெவன் தோட்டத்தில் சிந்திய அந்த இரத்தம் காரணம்.

மேல் கொத்மலைத் திட்டம்

ஜப்பானிய உதவியோடு 1980களில் ஆராயப்பட்ட இந்த நீர்மின் திட்டம் தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறிக்கிறது. அணையின் உயரம் 35.5 மீற்றர். அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே நீர் சென்று 150 மெகாவாற் மின்சாரம் தருகிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1990களில் முதலில் அனுமதி மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. ஆறுமுகன் தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எதிர்த்தது.

சென். கிளெயர், டெவன் முதலான அருவிகள் வற்றிவிடும் என்பது கொழும்பின் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. கீழ் நகரத்திலும் ஆற்றோர லயங்களிலும் வாழ்ந்தவர்களின் கேள்விகள் வேறு. புதிய வீடு யார் பெயரில்? உறுதி எப்போது? மலை கீழே குடைந்தால் மேலே சுவர் வெடிக்காதா? பிள்ளை பள்ளிக்கூடம் போக எவ்வளவு தூரம்? அருவிக்குக் கிடைத்த பக்கங்களில் பாதிகூட இக்கேள்விகளுக்குக் கிடைக்கவில்லை. அரசியல் கூட்டணிகள் மாறியதும் எதிர்ப்புத் தணிந்தது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. 2012 இல் மின் உற்பத்தி தொடங்கியது. சென். கிளெயரில் பகல் வேளையில் குறித்த அளவு நீர் விட வேண்டும் என்ற நிபந்தனை எதிர்ப்பாளரின் வெற்றி. ஆற்றோரத்து மக்கள் தம் போராட்டத்தால் அணையைத் தடுக்கவில்லை. லயத்துக்குப் பதில் தனி வீட்டைப் பெற்றார்கள்.

பிரதேச சபைகளும் 33ஆம் பிரிவும்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபின் தோட்ட மக்கள் சபைத் தேர்தலில் வாக்களித்தார்கள், உறுப்பினராகவும் ஆனார்கள். ஆயினும் தோட்டம் தனியார் முகாமையிலுள்ள நிலம் என்ற காரணத்தால், தம்மைத் தெரிவு செய்தவரின் பாதைக்கு ஒரு வண்டி கல் போடவும் அவர்களால் முடியவில்லை. பிரதான வீதியில் தார் பளபளக்கும். தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தோடு சபையின் கை நின்றுவிடும். சுகமில்லாதவரைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவந்து அந்த முனையில்தான் வண்டியேற்றுவார்கள். இதை மாற்றக் கருத்தரங்கு, மகஜர், நாடாளுமன்றப் பேச்சு என்று பல ஆண்டு உழைத்தபின், 2018 இல் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுத் தோட்டக் குடியிருப்புகளும் சபையின் சேவைக்குள் வந்தன.

சபைகளின் அளவும் ஒரு வழக்காக இருந்தது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் 2 இலட்சத்தை ஒட்டிய மக்களைக் கட்டிமேய்த்தன. நாட்டின் வேறு பகுதிகளில் சில பத்தாயிரம் பேருக்கே ஒரு சபை உண்டு. மலையகக் கட்சிகள் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணியும் சிவில் அமைப்புகளும் விடாது கேட்டதன் பயனாக அவை பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என நான்கு புதிய சபைகள் பிறந்தன. அவற்றுக்கான முதல் தேர்தல் 2018 பெப்ரவரி 10 இல் நடந்தது.

இன்றைய நிலை

சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 இல்தான் அடுத்த தேர்தல் நடைபெற்றது. இடையில் 2023 இல், மலையகத்தார் வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் காணியையும் வீட்டையும் தம் கோரிக்கைகளில் வைத்தனர். காணியோடு தனி வீடு கட்டும் திட்டங்கள் தொடர்கின்றன. திம்புள்ளயின் பல லயங்களுக்கு இன்னும் வீட்டிலக்கம் இல்லை. அவற்றுக்கு வரும் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வருகின்றன.