போர்பன் வீதித் தாக்குதல்: நியூ ஆர்லியன்ஸ் மக்கள் எழுப்பிய கேள்விகள்

2025 புத்தாண்டு நாள், அதிகாலை 3.15 மணி. மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி அன்று மாலை 5.15. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரின் போர்பன் வீதியில் புத்தாண்டுக் கூட்டம் இன்னும் கலையவில்லை. மதுக்கடைகளும் இசைக்கூடங்களும் விடிய விடியத் திறந்திருக்கும் வீதி அது. கேனல் வீதி முனையில் வழியை மறித்து ஒரு போலீஸ் கார் நின்றது. வெள்ளை நிற பிக்கப் வாகனம் ஒன்று அதைச் சுற்றி நடைபாதையில் ஏறி, கூட்டத்திற்குள் வேகமாகப் புகுந்தது. 14 பேர் உயிரிழந்தனர். காயமடைந்தவர்கள் 50க்கும் மேல். இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 18, மூத்தவருக்கு 63. வாகனம் மோதி நின்றதும் ஓட்டியவன் துப்பாக்கியால் சுட்டான். போலீசார் திருப்பிச் சுட்டதில் அவன் இறந்தான். போலீசார் இருவர் காயமடைந்தனர்.

அதன் பிறகு வந்த நாட்களில் அந்த நகர மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள், யாரைக் கேள்வி கேட்டார்கள் என்பது தனியே பதிவு செய்யத் தக்கது.

முதல் சில மணி நேரம் குழப்பமே மிஞ்சியது. நகர மேயர் லடோயா கன்ட்ரெல் இதைப் பயங்கரவாதத் தாக்குதல் என்றார். அதே செய்தியாளர் கூட்டத்தில், கூட்டரசுப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் உள்ளூர் அதிகாரி அப்படி இல்லை என்றார். சிறிது நேரத்தில் அத்துறையே தன் நிலையை மாற்றிக்கொண்டு, பயங்கரவாதச் செயலாகவே விசாரிப்பதாக அறிவித்தது. வாகனத்தில் ஐஎஸ் இயக்கத்தின் கொடி இருந்தது. குளிர்பதனப் பெட்டிகளுக்குள் மறைத்து வீதியில் வைக்கப்பட்டிருந்த இரண்டு வெடிகுண்டுகளும் கண்டெடுக்கப்பட்டன. நல்லவேளையாக அவை வெடிக்கவில்லை. துணையாக வேறு சிலரும் இருக்கலாம் என்று முதலில் சொல்லப்பட்டது. மறுநாளே, அவன் தனியாகச் செயல்பட்டதாக எஃப்பிஐ திருத்திச் சொன்னது.

அந்த இடைவெளியில் வதந்தி முந்திக்கொண்டது. வாகனம் இரண்டு நாள் முன்புதான் மெக்சிகோ எல்லையைக் கடந்து வந்ததாக ஒரு தொலைக்காட்சி நிறுவனம் செய்தி வெளியிட்டுப் பின்னர் திருத்தியது. அப்போது அதிபராகப் பதவியேற்கக் காத்திருந்த டோனல்ட் டிரம்ப், வெளியிலிருந்து வரும் குற்றவாளிகளைப் பற்றித் தாம் சொல்லி வந்தது சரியென்று பதிவிட்டார். உண்மையில் தாக்கியவன் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஷம்சுத்தீன் ஜப்பார், வயது 42. அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றி, ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டவன். வாகனம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. 12 நாட்களுக்கு முன் ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் கார் பாய்ந்தபோதும் இதேதான் நடந்தது. தாக்கியவர் சவூதியில் பிறந்தவர் என்றதும் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவரோ இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதி வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

நியூ ஆர்லியன்ஸ் தாக்குதலை அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் உடனே கண்டித்தன. ஒருவன் செய்ததற்கு ஒரு சமயத்தவர் அனைவரும் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடுமோ என்ற கவலையும் அந்தக் கண்டனத்திற்குள் இருந்தது.

உள்ளூர் மக்களின் கோபம் பெரும்பாலும் வேறு திசையில் போனது. வீதியைக் காக்க வேண்டிய தடுப்புத் தூண்கள் எங்கே என்பதே அவர்களின் கேள்வி. 2016இல் பிரான்சின் நீஸ் நகரில் லோரி ஏற்றி 86 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2017இல் நியூ ஆர்லியன்ஸ் 4 கோடி டாலர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன் கீழ் போர்பன் வீதியில் நகர்த்தக்கூடிய தடுப்புத் தூண்கள் பொருத்தப்பட்டன. அவை தண்டவாளம் போன்ற பள்ளத்தில் சறுக்கி நகர்பவை. மார்டி கிரா திருவிழாவில் ஊர்வல வண்டிகளிலிருந்து கூட்டத்தை நோக்கிப் பாசிமணி மாலைகளை வீசுவது அந்த ஊர் வழக்கம். அந்த மணிகளே பள்ளங்களை அடைத்துக்கொண்டன. தூண்கள் நகர மறுத்தன. வாகனம் ஏற்றித் தாக்கும் ஆபத்து அங்கே அதிகம் என்றும் தூண்களை உடனே சரிசெய்ய வேண்டும் என்றும் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2019இலேயே எழுதிக் கொடுத்திருந்தது. 2024 நவம்பரில்தான் மாற்று வேலை தொடங்கியது. பிப்ரவரியில் நடக்கவிருந்த சூப்பர் பவுல் காற்பந்து இறுதியாட்டத்திற்குள் முடிப்பது திட்டம். தாக்குதல் நடந்த இரவில் பழைய தூண்கள் அகற்றப்பட்டிருந்தன, புதியவை முழுமையாக வரவில்லை.

நகரப் போலீஸ் தலைவர் ஆன் கர்க்பாட்ரிக், கையில் வேறு தடுப்புகள் இருந்தும் அவை இருப்பதே தமக்குத் தெரியாது என்று பிறகு ஒப்புக்கொண்டார். மக்களை அதிகம் சீண்டியது இந்தப் பதில்தான். புதிதாக வரவிருந்த தூண்கள் மணிக்கு 10 மைல், அதாவது சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனத்தை மட்டுமே தாங்கக்கூடியவை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டபோது சந்தேகம் இன்னும் கூடியது. காயமடைந்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் அதே மாதம் வழக்குத் தொடுத்தார்கள். நகராட்சி, நியூயார்க்கின் முன்னாள் போலீஸ் தலைவர் வில்லியம் பிராட்டனை ஆலோசகராக அமர்த்தியது.

அடுத்த சர்ச்சை, வீதியை எப்போது திறப்பது என்பது. புத்தாண்டு அன்று நடக்க வேண்டிய சுகர் பவுல் ஆட்டம் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டு ஜனவரி 2இல் நடந்தது. அன்றே போர்பன் வீதியும் திறக்கப்பட்டது. இரத்தக்கறை கழுவி ஒன்றரை நாள் கூட ஆகவில்லையே என்று சிலர் மனம் நொந்தார்கள். பயந்து மூடிக்கிடந்தால் தாக்கியவனுக்கே வெற்றி என்றார்கள் மற்றவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. மது ஊற்றுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், வாசிப்பவர்கள், இரவுக் காவலர்கள். அமெரிக்க மதுக்கூடங்களில் ஊழியர் வருமானத்தில் பெரும்பங்கு வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பு. கடை மூடினால் அது கிடையாது. துக்கம் அனுசரிக்க விடுப்பு எடுப்பது அவர்களுக்கு எளிதல்ல.

மாநில ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரி தாக்குதல் நடந்த அன்றிரவே மனைவியுடன் உணவகத்திற்கு வெளியே நின்று எடுத்த படத்தைப் பதிவிட்டார். நகரத்தின் மன உறுதியைப் பாராட்டுவதே நோக்கம் என்றாலும், சடலங்கள் இன்னும் அடையாளம் காணப்படாத நேரத்தில் அந்தப் படம் பலத்த கண்டனத்தைப் பெற்றது.

மக்கள் தங்கள் வழியில் துக்கம் காத்தார்கள். இறந்த 14 பேருக்காக வீதியோரம் சிலுவைகள் நடப்பட்டன. பூக்களும் மெழுகுவர்த்திகளும் குவிந்தன. ஜனவரி 4 இரவு அஞ்சலிக்குக் கூடியவர்கள் பித்தளை வாத்தியக் குழுவின் பின்னால் ஊர்வலமாகப் போனார்கள். இறந்தவரை இசையோடு வழியனுப்புவது அந்நகரக் கறுப்பின மக்களின் நெடுங்காலப் பழக்கம். கல்லறைக்குப் போகும்போது மெல்லிய சோகப் பாட்டு, திரும்பும்போது துள்ளல். சாவு வீட்டில் தப்பு முழங்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது.

ஜனவரி 6இல் அதிபர் ஜோ பைடன் செயின்ட் லூயிஸ் தேவாலயப் பிரார்த்தனையில் கலந்துகொண்டு குடும்பங்களைச் சந்தித்தார். பிப்ரவரி 9இல் சூப்பர் பவுல் ஆட்டம் நடந்தது. அதற்கு முன்பாக, லேடி காகா போர்பன் வீதியில் நின்று பாடிய அஞ்சலிப் பாடலும் ஒளிபரப்பானது. மார்டி கிரா மார்ச் 4இல் கடும் பாதுகாப்போடு வந்தது. பலத்த காற்று எச்சரிக்கையால் ஊர்வல நேரங்களை முன்கூட்டியே நகர்த்த வேண்டியிருந்தது. பாசிமணிகள் வழக்கம்போல் வீசப்பட்டன.