வெள்ள வெளியேற்றச் சாலைத் திட்டம் (தென்காசி மாவட்டம்)

பேரிடரின்போது மக்களை எந்தச் சாலையில், எந்த வரிசையில், எங்கே கொண்டு சேர்ப்பது என்று முன்கூட்டியே வகுத்து வைப்பது வெளியேற்றச் சாலைத் திட்டம். தென்காசி மாவட்டத்தில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. மலைக்குள் மழை கொட்டும்போது அடிவாரத்தில் அதன் அறிகுறியே தெரியாமல் இருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய, குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினர். 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார்.

குற்றாலத்தில் அருவி என்றால், இதே மாவட்டத்தின் அச்சன்புதூரில் கவனிக்க வேண்டியது அணை. மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே கட்டப்பட்ட அடவிநயினார் அணையின் உயரம் 132 அடி. அதற்குக் கீழே வடகரை, அச்சன்புதூர் பேரூராட்சிகள் உள்ளன. இப்படிப்பட்ட ஊர்களில் ஆற்றை ஒட்டியே செல்லும் சாலையில் வண்டியை விரட்டிப் பயனில்லை. ஆற்றைவிட்டு விலகி மேட்டுக்கு ஏறும் தெருவே பாதுகாப்பானது, அது குறுகலாக இருந்தாலும். தரைப்பாலங்கள் முதலில் மூழ்கும் என்பதால் இரு கரைக்கும் தனித்தனி வழியும் தனித்தனி முகாமும் தேவை. முகாமுக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தால் அந்தத் திட்டம் தவறானது.

சாலையின் கொள்ளளவை அதன் அகலமான பகுதி தீர்மானிப்பதில்லை. மிகக் குறுகிய பாலமும் வளைவும்தான் தீர்மானிக்கின்றன. 2024 பிப்ரவரியில் கேரளம் செல்லும் சாலையில் உள்ள புளியரை எஸ் வளைவில் ஒட்டுப்பலகை ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. அருகில் வசித்த முதிய தம்பதி இருட்டில் டார்ச் விளக்கோடு ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினர். அந்தச் சாலை அவ்வளவு நெருக்கடியானது. வடகிழக்குப் பருவமழையும் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களும் ஒரே மாதங்களில் வருவது சிக்கலை இன்னும் கூட்டுகிறது. எனவே வெள்ள எச்சரிக்கை வந்ததும் சரக்கு லாரிகளை எல்லையிலேயே நிறுத்துவதும், குற்றாலத்துக்கு வரும் வாகனங்களைத் தென்காசியிலேயே திருப்பிவிடுவதும் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அகலமான சாலையும் உதவாது. 2005இல் ரீட்டா சூறாவளிக்கு அஞ்சி ஹூஸ்டன் பகுதி மக்கள் கார்களில் திரண்டபோது அமெரிக்க நெடுஞ்சாலைகளே மணிக்கணக்கில் ஸ்தம்பித்தன. கரையோரத் தெருக்கள் முதலில், மேட்டுத் தெருக்கள் பிறகு என்ற வரிசை தேவைப்படுவது அதனால்தான். முதியோருக்கும் வண்டி இல்லாதவர்களுக்கும் பேருந்தை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அந்தத் திட்டத்தின் வழிகளைக் கரையோரத் தெருக்களில் தமிழில் எழுதி வைப்பது அவசியம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.